சார்ஜ் ரூம் பொறுப்பைத் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா?

ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 29, கல்யாணமாகி எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. காலையில் சூளூர்பேட்டை ரயிலைப் பிடித்து, தடாவில் இறங்கி, ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சம்பளம் கான்ட்ராக்டர் கையால். பேட்டரி வண்டிகள் ஆறு, எல்லாம் 48 வோல்ட், 600 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு). ஸ்டோர்ஸ் ஓரத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை சார்ஜ் ரூம் ஆக்கி, இரவில் இரண்டு இரண்டு பேட்டரியாக சார்ஜ் போடுகிறார்கள். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிறது என்று மேலே இருந்த ஜன்னலை பிளைவுட் வைத்து அடைத்தவர்கள் இன்னும் அதை எடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் கன்டெய்னர் ஒன்று வந்து நிற்க, அவசரம் என்று ஹெல்பர் பையன் ஓடிக்கொண்டிருந்த சார்ஜரை நிறுத்தாமலே பிளக்கைப் பிடித்து இழுத்திருக்கிறான். பட்டென்று வெடித்து இரண்டு செல்லின் மூடி பறந்து, ஆசிட் அவன் முகத்திலும் ஒரு கண்ணிலும் தெறித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கண்ணில் ஊற்றியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது, வீட்டில் பைக் பேட்டரியை நோண்டும்போது தெறித்தது என்று சொல்லும்படி சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையனுக்கு இப்போதும் அந்தக் கண்ணில் மங்கல்.

இப்போது மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம், அந்த அறையை நீ பார்த்துக்கொள் என்று இந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்பது முதல் கேள்வி. பேட்டரி புகை விஷமா, தினம் பாலும் வெல்லமும் சாப்பிட்டால் முறிந்துவிடும் என்கிறார்களே, வீட்டில் கைக்குழந்தைக்கு ஏதும் ஆகுமா, கேன் தண்ணீர் ஊற்றலாமா, திருவள்ளூரில் போய்ப் புகார் கொடுத்தால் வேலை போய்விடுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அறை இப்போது இருக்கிற நிலையில் பொறுப்பை வாங்காதீர்கள். ஒரேயடியாக மறுத்தும் விடாதீர்கள். என்னென்ன செய்து தந்தால் வாங்குவேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த அறைக்குள் இரவில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்றைக்கு வெடித்தது எது

பேட்டரி பழசு, அதனால் வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பழசு என்பதற்காக மட்டும் ஒரு பேட்டரி அப்படி வெடிக்காது. 48 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 2 வோல்ட் செல் 24 இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஒரு செல்லின் வோல்ட் 2.4 வாக்கில் போனதும், உள்ளே போகிற கரண்டில் ஒரு பகுதி ஆசிட்டில் உள்ள தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழ் குமிழாக மேலே வரும். சார்ஜின் கடைசிச் சில மணி நேரத்தில் மூடியருகே காதை வைத்தால் சளசளவென்று கேட்குமே, அதுதான். தயவுசெய்து காதை வைத்துப் பார்க்காதீர்கள்.

ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், அங்கிருந்து ஏறக்குறைய 75 சதவீதம் வரைக்கும் பற்றும். அதைப் பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டியதில்லை, நைலான் சட்டையைக் கழற்றும்போது வருகிற பொறி போதும். ஓடுகிற சார்ஜரிலிருந்து பிளக்கை இழுத்தால் கனெக்டரில் பெரிய பொறியே வரும், அது பேட்டரியின் தலைக்கு மேலேயே வரும். அந்தப் பையன் கைக்கும் செல்லுக்கும் நடுவில் நடந்தது அவ்வளவுதான். புது பேட்டரியாக இருந்திருந்தாலும் வெடித்திருக்கும்.

இனி கொஞ்சம் கணக்கு. உங்கள் 600 ஏஎச் பேட்டரி கடைசிக் கட்டத்தில் 30 ஆம்பியர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண சார்ஜரில் அந்த அளவுதான் இருக்கும். ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். 24 செல், 30 ஆம்பியர், மணிக்கு 300 லிட்டர். இரண்டு பேட்டரிக்கு 600. உங்கள் அறை பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்றால் ஏறத்தாழ 28,300 லிட்டர் காற்று. ஜன்னலை பிளைவுட்டால் அடைத்து, கதவையும் சாத்தி வைத்தால் ஒரு மணி நேரத்தில் 2 சதவீதம் தாண்டுகிறது, இரண்டாவது மணி முடிவதற்குள் 4 சதவீதத்தைத் தொடுகிறது. கதவிடுக்கில் கொஞ்சம் வெளியே போகும், சரி. ஆனால் ஹைட்ரஜன் லேசானது, கூரையடியில் போய்த் தங்கும், அங்கே கணக்கைவிட அதிகமாகவே இருக்கும். உங்கள் அறையில் டியூப்லைட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சார்ஜ் அறையில் 1 சதவீதத்துக்கு மேல் போகவிடக் கூடாது என்பதுதான் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அதற்கு பிளைவுட் போக வேண்டும், கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் (பொறி வராத மோட்டாராகக் கேளுங்கள்), எதிர்ச் சுவரில் தரையருகே காற்று நுழைய வழி வேண்டும். சாரல்தான் பிரச்சினை என்றால் ஜன்னலுக்கு வெளியே சாய்வாக ஒரு தகடு அடித்தால் முடிந்தது, இதற்குப் போய் ஜன்னலையே அடைத்தது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

சார்ஜ் முடிந்த பிறகும் செல்லுக்குள்ளே மூடிக்கடியில் வாயு கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் சார்ஜர் நின்றதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. முதலில் சார்ஜரில் ஸ்விட்ச், அப்புறம் பிளக், அப்புறம் ஒரு மணி நேரமாவது காற்றாட விடுவது. வண்டியிலேயே வைத்து சார்ஜ் போட்டால் சீட்டுக்கு அடியில் உள்ள பேட்டரி மூடியைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் செல்லின் சின்ன மூடிகளைக் கழற்றி வைக்கக் கூடாது. பலரும் காற்றுப் போகட்டும் என்று கழற்றிவைக்கிறார்கள், அந்த மூடியிலேயே வாயு போக வழி இருக்கிறது, கழற்றினால் ஆசிட் தெறிப்பதும் பொறி உள்ளே போவதும்தான் மிச்சம்.

அழுகிய முட்டை நாற்றம் எப்போதாவது வந்திருக்கிறதா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வந்தால் ஏதோ ஒரு செல் அதிகமாக சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது என்று அர்த்தம். இது நிஜமாகவே விஷம். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் போன மாதிரி இருக்கும், வாயு போயிருக்காது. எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். சார்ஜருக்குக் கரண்ட் போகிற ஸ்விட்ச் அறைக்கு வெளியே இருந்தால் அங்கே நிறுத்துங்கள். அறைக்கு வெளியே ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

கண்ணில் பட்டால் வெறும் தண்ணீர்தான்

ஆப்ப சோடாவைக் கண்ணில் ஊற்றியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், ஆனால் அது தப்பு. சோடா உப்பு தரையில் கொட்டிய ஆசிட்டுக்கு. ஆசிட்டும் சோடாவும் சேரும்போது நுரைத்துப் பொங்கும், கண்ணின் மேல் அது நடக்கக் கூடாது. கண்ணிலோ தோலிலோ பட்டால் அந்த நொடியே சுத்தமான தண்ணீர், குறைந்தது 15 நிமிடம் விடாமல், இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு. பையன் வலியில் கத்துவான், போதும் என்பான், விடக் கூடாது. அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. தண்ணீர் தேடி ஓடுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் கண் கெடுகிறது, அதனால் கண் கழுவும் குழாய் 10 வினாடி நடையில் இருக்க வேண்டும் என்பார்கள். பூட்டிய பாத்ரூமில் இருக்கிற குழாயைக் கணக்கில் சேர்க்க முடியாது. உங்கள் அறை வாசலில் ஒரு ஐவாஷ் போடச் சொல்லுங்கள். அது வரும்வரை மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஓஸ் இழுத்த குழாயாவது இருக்கட்டும்.

அந்தப் பையனை உடனே கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், கருவிழியைப் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம். மூன்று மாதம் ஆகியும் மங்கல் என்றால் அது தானாகப் போகும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை.

முகத்துக்கு முழு ஷீல்டு, ரப்பர் கையுறை, ரப்பர் ஏப்ரன். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பது போதாது. மோதிரம், காப்பு, கையில் கட்டிய சாமிக்கயிற்றில் செம்புத் தாயத்து இருந்தால் அதுவும், வேலை முடியும்வரை கழற்றி லாக்கரில் வையுங்கள். இரண்டு முனைக்கு நடுவில் ஒரு உலோகம் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரம் விரலோடு சேர்ந்து உருகும்.

செயினை நாளைக்கே நிறுத்துங்கள்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. ஒரு ஃபோர்க்லிஃப்டின் முள்ளில் இரும்புச் செயினைப் போட்டு இன்னொரு வண்டியின் பேட்டரியைத் தூக்கி சார்ஜ் ரூமுக்குக் கொண்டுபோகிறோம் என்று. வெடித்ததைவிட இதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. அந்த பேட்டரி ஏறக்குறைய ஒரு டன். செயின் சாய்வாக இழுக்கும்போது, தூக்குவதற்காக பேட்டரிப் பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ள காதை உள்பக்கமாக நெருக்கி, பெட்டி வளைந்து செல் விரிசல் விடும். செயின் தளர்ந்து பேட்டரியின் மேலே விழுந்தால் நேராக ஷார்ட். முள்ளிலிருந்து வழுக்கினால் கீழே நிற்பவன் காலைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதற்கென்றே மேலே குறுக்குக் கம்பி வைத்த லிஃப்டிங் பீம் இருக்கிறது, கொக்கி இரண்டும் பேட்டரியின் காதுக்கு நேர் மேலே செங்குத்தாக இறங்கும், இன்சுலேஷன் இருக்கும், எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதையும் எடை தாங்கும் செயின் பிளாக்கில் மாட்ட வேண்டும். அல்லது பக்கவாட்டில் இழுத்து வைக்கிற உருளை ஸ்டாண்டு.

இரண்டும் இல்லை என்றால் பேட்டரியைத் தூக்கவே வேண்டாம், வண்டியைக் கொண்டுபோய்க் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வண்டியிலேயே சார்ஜ் போடுங்கள். ஹேண்ட் பிரேக், சாவி எடுத்தாயிற்றா, முள் தரையில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆறு வண்டிக்கு உதிரி பேட்டரியே இல்லாத இடத்தில் எதற்காகத் தூக்குகிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை, சார்ஜரின் கேபிள் எட்டவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

தண்ணீர் விஷயம். கேன் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் வேண்டாம், அதுவும் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய நம் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும், அந்தக் குளோரைடு தட்டுகளை அரிக்கும். ஆர்ஓ மெஷின் உப்பைக் குறைக்கிறது, முழுக்க எடுப்பதில்லை. பேட்டரிக் கடையில் விற்கிற டிஎம் வாட்டர் (உப்பை நீக்கிய தண்ணீர்) அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஊற்றுவது சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு. முன்னாலேயே ஊற்றி நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது ஆசிட் உப்பிப் பொங்கி வெளியே வழியும், நாலு நாளில் பெட்டி அரித்துப்போகும். தட்டு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தட்டு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போட்டு, மிச்சத்தை அப்புறம் ஊற்றலாம். ஆசிட்டை ஒருநாளும் சேர்க்கக் கூடாது. குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. பேட்டரி டல் அடிக்கிறது என்று ஆசிட் ஊற்றுகிற மெக்கானிக்கை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கச் சொல்லி, வாரம் ஒருமுறை கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி எவ்வளவு என்று அதில் பார்த்து எழுதிவையுங்கள். முழு சார்ஜில் 1.280 பக்கம் காட்டும், ஷாப்பில் 1280 என்பார்கள். 1140க்கு வந்துவிட்டால் ஐந்தில் நாலு பங்கு தீர்ந்துவிட்டது, அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. கடைசி லோடு ஒன்றுதான் என்று சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டுகிற பழக்கம்தான் பேட்டரியைச் சீக்கிரம் கொல்கிறது. ஒழுங்காகப் பார்த்தால் 1,500 சார்ஜ் வரைக்கும் வரும், தினம் ஒன்று என்றால் ஐந்து வருடம் போல. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 30 புள்ளி தாழ்ந்து நின்றால் ஈக்வலைசிங் சார்ஜ் (எல்லா செல்லையும் சமமாக்குகிற கூடுதல் சார்ஜ்) போட்டுப் பாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் அரை மணி அரை மணியாக சார்ஜ் போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருக்கிற சாதாரண சார்ஜருக்கு அது ஆகாது. எட்டு மணி ஓட்டம், எட்டு மணி சார்ஜ், எட்டு மணி ஆறுவது என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. தடாவில் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் ஆசிட்டின் சூடு 45 டிகிரியைத் தாண்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. பேட்டரி எப்போதும் 10 டிகிரி கூடுதல் சூட்டிலேயே கிடந்தால் ஆயுள் பாதியாகிவிடும். இரண்டு ஷிப்டு ஓடுகிறது என்றால் உதிரி பேட்டரியோ அதற்கேற்ற சார்ஜரோ வாங்க வேண்டியது கம்பெனி, உங்கள் சாமர்த்தியத்தால் சரிக்கட்டுகிற விஷயமில்லை அது.

தரையில் ஆசிட் சிந்தினால் லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் சோடா உப்பைக் கரைத்து, நுரை நிற்கும்வரை ஊற்றி, அப்புறம் கழுவுங்கள். பேட்டரியின் மேல்பக்கம் பூத்திருக்கிற வெள்ளையையும் இதே கரைசலால் துடைக்கலாம், மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. செத்த பேட்டரியைக் காயலாங்கடைக்குப் போட்டு வருகிற காசில் ஷிப்டுக்கு பிரியாணி என்று எழுதியிருந்தீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ, திரும்ப வாங்கிக்கொள்ளும் தயாரிப்பாளருக்கோதான் போக வேண்டும். காயலாங்கடைக்காரர் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தை எங்கோ ஒரு கொல்லையில் உருக்க அனுப்புவார்.

பாலும் வெல்லமும், வீட்டில் குழந்தையும்

வெல்லம் நெஞ்சில் இருக்கிறதை இறக்கிவிடும், பால் விஷத்தை முறிக்கும் என்பது எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கிற நம்பிக்கை. சில கம்பெனிகளே வெல்லக் கட்டியைக் கையில் கொடுத்து, பாதுகாப்புக் கொடுத்துவிட்டோம் என்று கணக்கு எழுதிக்கொள்ளும். இரண்டும் எதையும் முறிக்காது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக உள்ள உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பது உண்மை, அந்த வகையில் நல்ல சாப்பாடு நல்லது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பதிலாக வெல்லத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் விஷமில்லை. தொண்டை எரிகிறது, இரவெல்லாம் இருமல் என்கிறீர்களே, அது கடைசிக் கட்டக் குமிழோடு மேலே வருகிற நுண்ணிய ஆசிட் திவலையாக இருக்கலாம். அடைத்த அறையில் அது தேங்கும், பல்லின் எனாமலையும் அரிக்கும். கந்தக அமிலத் திவலையில் வேலை செய்வதை 1992லேயே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. அது வருடக்கணக்கில் அதையே சுவாசிப்பவர்களை வைத்து எடுத்த முடிவு, நாலு மாத இருமலுக்கு நீங்கள் அந்தப் பயம் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஈஎஸ்ஐயில் போய் நெஞ்சைக் காட்டுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு ஆபத்து ஈயத்தால்தான் வர முடியும். உங்கள் வேலையில் ஈயம் செல்லுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது, தட்டை உடைத்து உருக்குகிறவர்களுக்கு இருக்கிற ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆனாலும் முனையில் பூக்கிற வெள்ளைத்தூளில் ஈயம் இருக்கும், கைக்குழந்தையின் உடம்புக்கு அது கொஞ்சம்கூட ஆகாது. அந்த அறைக்கென்று தனி உடை, தனி செருப்பு, அங்கேயே மாற்றுவது. சாப்பிடுவதற்கு முன்னும் ரயிலேறுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. வேலைச் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊறப்போடாதீர்கள். வீட்டில் ரொம்பப் பயப்படுகிறார்கள் என்றால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது, உங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் குறைவாக இருந்தால் குழந்தையைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டியிருக்காது.

பைக் பேட்டரி என்று எழுதியது

அந்தப் பையனுக்குச் செய்ததில் பெரிய துரோகம் இந்த ஒரு வரிதான். வேலை நேரத்து விபத்து என்று பதிவானால் ஈஎஸ்ஐயில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அவனுக்கு உரிமை உண்டு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், பார்வை நிரந்தரமாகக் குறைந்தது என்று மெடிக்கல் போர்டு சொன்னால் அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதப் பணம். வீட்டில் பைக்கை நோண்டினான் என்று எழுதினால் இரண்டுமே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அவனும் நீங்களும் ஈஎஸ்ஐக்குள் வர வேண்டியவர்கள், சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் அந்தப் பொறுப்பு தொழிற்சாலை முதலாளிக்குப் போகும். கான்ட்ராக்ட் ஆளுக்கு கம்பெனி பொறுப்பில்லை என்று சூப்பர்வைசர் சொன்னது சரியில்லை, பாதுகாப்பு விஷயத்திலும் சரியில்லை.

பையன் தன் கையால், நடந்ததை நடந்தபடி, தேதி, ஷிப்டு, கூட இருந்தவர்கள் பெயரோடு எழுதி ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுக்கட்டும். தாமதமாகிவிட்டதால் விசாரிப்பார்கள், கிளினிக் சீட்டில் வேறு மாதிரி இருப்பதைக் கேட்பார்கள். யார் சொல்லி அப்படிச் சொன்னான் என்பதையும் எழுதட்டும். நீங்கள் பார்த்ததைச் சாட்சியாகச் சொல்வீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

புகாரைத் திருவள்ளூரில் கொடுத்தால் வாங்கிவைத்துக்கொண்டு இது எங்கள் எல்லை இல்லை என்பார்கள். நீங்கள் குடியிருப்பது தமிழ்நாடாக இருந்தாலும் தொழிற்சாலை நிற்பது ஆந்திராவில், திருப்பதி மாவட்டத்தில். ஆந்திர அரசின் தொழிற்சாலைகள் துறைதான் அதைப் பார்க்கும். தெலுங்கு எழுத வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய 2020 தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடமும், அதோடு ஆய்வாளரிடமும் தெரிவிக்கிற உரிமை அதில் தொழிலாளிக்கு இருக்கிறது. புகார் கொடுத்தது யார் என்று ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்பது பழைய சட்டத்திலேயே இருந்த விதி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆறு வண்டி ஓடுகிற ஸ்டோர்ஸில் யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் வாய் திறக்க வேண்டியதில்லை. வேலை போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் புகாரை இரண்டாவதாக வைத்து, உள்ளே எழுதிக் கேட்பதை முதலாவதாக வைக்கச் சொல்கிறேன்.

என்ன எழுதுவது

முழுக்க மறுத்தால் அந்த அறை இன்னொரு ஹெல்பர் தலையில் விழும், உங்களை வேறு சைட்டுக்கு மாற்றவும் செய்யலாம். அப்படியே வாங்கினால் அடுத்த வெடிப்புக்குப் பொறுப்பாளர் என்று காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கும். 1,500 ரூபாயில் அவர்கள் வாங்குவது உங்கள் வேலையை மட்டும் இல்லை, அந்தப் பெயரையும் சேர்த்துத்தான்.

சூப்பர்வைசரையும் கம்பெனியின் சேஃப்டி ஆபிசரையும் சேர்த்து வைத்து ஒரே செய்தியாக அனுப்புங்கள். வாட்ஸாப்பில் போதும், தேதியோடு நிற்கும். மரியாதையாக, நீளமில்லாமல், இந்த மாதிரி:

"சார்ஜ் ரூம் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். அதற்கு முன் ஜன்னல் பிளைவுட்டை எடுத்து எக்ஸாஸ்ட் ஃபேனும் வெளியே ஒரு ஸ்விட்ச்சும், வாசலில் கண் கழுவும் குழாய், முகக் கவசம், ரப்பர் கையுறை, ஏப்ரன், லிஃப்டிங் பீம், டிஎம் வாட்டர், ஹைட்ரோமீட்டர் ஆகியவை வேண்டும். பேட்டரி சப்ளையர் மூலம் எனக்கும் ஹெல்பருக்கும் ஒரு நாள் பயிற்சி வேண்டும். சார்ஜில் இருக்கிற பேட்டரியை நானோ எனக்குப் பதில் இருப்பவரோ சொல்லாமல் யாரும் கழற்றக் கூடாது என்று எழுதி ஒட்ட வேண்டும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கன்டெய்னர் வந்து நிற்கும்போது, இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லவும், சொன்னது செல்லவும் உங்களுக்கு அதிகாரம் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வாங்கித் தந்தும் பிரயோஜனமில்லை. பிளைவுட்டை எடுப்பதும் வாசலில் குழாய் இழுப்பதும் ஒரு நாள் வேலை, அதைச் செய்கிறார்களா என்று ஒரு வாரம் பாருங்கள். அதுவே நடக்கவில்லை என்றால் அறைக்குள் போகாதீர்கள், ஆந்திரத் துறைக்கு எழுதுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு மாறப்போகிறோம், அதனால் இதற்கு இப்போது செலவு வேண்டாம் என்று சொல்வார்கள், நீங்களே ஒரு வரியில் அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். லித்தியத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சார்ஜில் ஹைட்ரஜன் வராது, டீ நேரத்தில் சார்ஜ் போடலாம், எல்லாம் உண்மை. ஆனால் விலை கூடுதல், இப்போதிருக்கிற சார்ஜர் அதற்கு உதவாது, பற்றினால் அணைப்பதும் வேறு விதம். எடையும் குறைவு. உங்கள் வண்டிகள் பேட்டரியின் எடையையே பின்பாரமாக நம்பி நிற்கின்றன, குறைந்தபட்சம் எத்தனை கிலோ பேட்டரி என்று வண்டியின் தகட்டில் அடித்திருப்பார்கள், அதற்குக் குறைந்தால் லோடு தூக்கும்போது முன்பக்கம் கவிழும். மாறுவதாக இருந்தால் அந்தத் தகட்டைப் படித்துவிட்டு, வண்டித் தயாரிப்பாளரைக் கேட்டுவிட்டு மாறட்டும். அது வருகிற வரைக்கும் இந்த ஈய பேட்டரிகள் ஒவ்வொரு இரவும் அந்த அறையில்தான் சார்ஜ் ஏறப்போகின்றன, ஃபேனை இப்போதே போடச் சொல்லுங்கள்.